இரும்பு மாத்திரை போட்டும் ரத்தம் ஏறவில்லையா?

கேள்வி: முதல் கர்ப்பம், 11 வாரம். ஆறு வாரமாக இரும்பு மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் 9.8-ஐத் தாண்டவில்லை. எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 62, சிவப்பணுக்கள் 51 லட்சம், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் எண்) 78. சொந்தத்தில்தான் திருமணம். இரும்பு ஊசி போட்டுக்கொள்ளலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால்தான் இரும்புக் குறை என்று உறுதியாகச் சொல்லலாம். உங்களுக்கு 78, உடம்பில் இரும்பு இருக்கிறது. (காய்ச்சலோ தொற்றோ இருந்தால் இந்த எண் பொய்யாக ஏறும், அதை மட்டும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.) இரும்புக் குறையில் அணுக்களின் எண்ணிக்கையும் சேர்ந்து குறையும். உங்களுக்கோ அணுக்கள் நிறைய, ஆனால் ஒவ்வொன்றும் சின்னது. எம்சிவியைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்: 51 லட்சம் என்பது 5.1 மில்லியன், 62-ஐ 5.1-ஆல் வகுத்தால் 12 சொச்சம். 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா மைனரைச் சந்தேகிக்க வேண்டும். அதாவது, ஹீமோகுளோபின் உற்பத்தியைக் குறைக்கும் பரம்பரைக் கோளாறின் லேசான வடிவம்.

உறுதிசெய்ய, ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி பரிசோதனை. அதில் ஒரு வகையான ஹீமோகுளோபின் ஏ2-வின் அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் போனால் பீட்டா தலசீமியா மைனர். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் முடிவு தப்பாக வரும், முன்கூட்டியே சொல்லுங்கள். ஏ2 சரியாக இருந்தும் எம்சிவி ஏறவில்லையென்றால் ஆல்ஃபா தலசீமியாவாக இருக்கலாம். அதற்கு மரபணு சோதனைதான் வழி.

உங்கள் ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காமல், கணவருக்கும் அன்றே ஹெச்பிஎல்சி எடுங்கள். அவருடைய சாதாரண ரத்தப் பரிசோதனை நன்றாக இருப்பது போதாது. அரிவாள் அணு மரபணு (சிவப்பணுவை அரிவாள் போல வளையச் செய்வது) ஒன்று மட்டும் உள்ளவருக்கு எம்சிவி சரியாகவே இருக்கும். உங்கள் தலசீமியாவோடு அதுவும் சேர்ந்தால் குழந்தைக்குக் கடுமையான நோய் வரலாம். சொந்தத்தில் மணந்தவர்களுக்கு ஒரே மரபணு இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

உங்களுக்கு மட்டும் மைனர் என்றால் குழந்தைக்குத் தலசீமியா மேஜர் (இதன் கடுமையான வடிவம்) வராது. இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அப்போது 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து துளி திசு எடுத்துப் பார்க்கலாம். தவறினால் 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர்ச் சோதனை. நீங்கள் இப்போதே 11-ல் இருக்கிறீர்கள். ஆகவே இந்த வாரமே லேபுக்குப் போங்கள்.

மைனர் உறுதியானால் ஃபோலிக் ஆசிட் தினம் 5 மில்லிகிராம் எழுதித் தருவார்கள். ஃபெரிட்டினை 28-வது வாரத்தையொட்டி மறுபடி பார்த்து, 30-க்குக் கீழே இறங்கினால் இரும்பு மாத்திரை. ஹீமோகுளோபின் மட்டும் குறைகிறதே என்று பதறி இரும்பைக் கூட்டாதீர்கள்.