நாலரை அடித் தடுப்பு

வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், மதுரை சிம்மக்கல்லில் 12 வருடம் பிரவுசிங் சென்டர் நடத்தியவர்.

கேள்வி: ‘நெட் வந்துவிட்டது, இனி எந்தப் போரையும் மூடி மறைத்து நடத்த முடியாது’ என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வீர்களே அண்ணே, இப்போது அந்தப் பேச்சையே காணோமே?
- பழைய வாடிக்கையாளர், மேலூர்

பதில்: சொன்னேன், மறுக்கவில்லை. 2002ல் தமிழ்ச் சங்கம் ரோட்டுக்குப் பக்கத்தில், மாடியில் எட்டு சிஸ்டம் போட்டுக் கடை திறந்தபோது அப்படித்தான் நம்பினேன். ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் இடையில் ஆளுயரத்துக்கு பிளைவுட் தடுப்பு. மணிக்கு 20 ரூபாய்.

2009 தொடக்கத்தில் ஆனையூர் முகாமிலிருந்து ஈழத்துப் பெரியவர் ஒருவர் வர ஆரம்பித்தார். தங்கச்சி குடும்பம் வன்னியில், மகன் கனடாவில். மகனோடு கொஞ்ச நேரம் பேசுவார். அப்புறம் செய்தித் தளங்களைத் திறந்து, காயம்பட்டவர்கள் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்ப்பார், தெரிந்த முகம் இருக்கிறதா என்று. கடைசி சிஸ்டம்தான் வேண்டும் என்பார். தடுப்புக்குப் பின்னாலிருந்து விசும்பல் கேட்கும். நான் எழுந்து போய் ஃபேனைக் கூட்டி வைப்பேன், மற்றவர்களுக்குக் கேட்காமல் இருக்கட்டும் என்று. அவ்வளவுதான் என்னால் முடிந்தது. காசும் வாங்கிக்கொண்டேன், பாதிக் காசு.

அந்த ஜனவரி 2ஆம் தேதி கிளிநொச்சி விழுந்தது. 9ஆம் தேதி நம் திருமங்கலத்தில் இடைத்தேர்தல். ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்று ஊர் பேரே நாறியதே, அதே தேர்தல். கடைக்கு வந்த பையன்கள் அந்த வாரம் முழுக்கப் பேசியது ஓட்டுக்குக் கவரில் எவ்வளவு பணம் என்பதைப் பற்றித்தான். மே 13 நாடாளுமன்றத் தேர்தலுக்கு இங்கே வரிசையில் நின்றோம். 18ஆம் தேதி அங்கே எல்லாம் முடிந்தது. பெரியவர் அதற்குப் பிறகு இரண்டு நாள் வந்தார். அப்புறம் வரவில்லை.

கேமராவைத் தள்ளி வைத்துத்தான் அந்தப் போரை நடத்தினார்கள். இருந்தும் படங்கள் வந்தன. மதுரையில், என் கடையில், 20 ரூபாய்க்குப் பார்க்க முடிந்தது. பார்த்தால் போதும், உலகம் நிறுத்திவிடும் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் ஏமாந்தேன்.

கேள்வி: என் தம்பி ராணுவத்தில் இருக்கிறான். சண்டை நேரத்தில் நெட்டைக் கட்டுப்படுத்தினால் என்ன தப்பு ஐயா?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: தம்பி நல்லபடியாக ஊர் வந்து சேரட்டும் தாயி. படை எங்கே நகர்கிறது என்று எவனாவது படம் போட்டால் அதைத் தடுக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

ஆனால் 2025 மே மாதம் என்ன நடந்தது? கராச்சித் துறைமுகமே அழிந்தது என்று சில டிவி சேனல்கள் ராத்திரியெல்லாம் கத்தின. விடிந்து பார்த்தால் துறைமுகம் அங்கேயேதான் இருந்தது. அதே நாட்களில் 8,000க்கும் மேற்பட்ட கணக்குகளை இந்தியாவில் முடக்கச் சொல்லி அரசு உத்தரவு வந்திருப்பதாக எக்ஸ் நிறுவனமே அறிவித்தது. டிவி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சண்டை நேரம் என்கிறீர்கள். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் என்ன சண்டை? துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் போனார்கள். மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டத்திலும் நெட் இல்லை. என் அக்கா கோவில்பட்டியில் இருந்தாள். போனில் குரல் வந்தது, ஊரில் என்ன நடக்கிறது என்று அவளுக்கும் தெரியவில்லை. ஒரு வருடம் முன்னால்தான், ஜல்லிக்கட்டுக்காகத் தமுக்கத்தில் பிள்ளைகள் செல்போன் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, பரவாயில்லை, நெட் வீண்போகவில்லை என்று மனதைத் தேற்றியிருந்தேன்.

காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் போன 4ஜி, 2021 பிப்ரவரியில்தான் திரும்பியது. காலவரையில்லாமல் நிறுத்தக் கூடாது, நிறுத்தும் உத்தரவை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொன்ன பிறகும் ஒரு வருடத்துக்கு மேல்!

கேள்வி: இவ்வளவு வெறுத்துப்போன நீங்கள் ஓட்டுப் போடுவீர்களா?
- கல்லூரி மாணவர், திருப்பாலை

பதில்: போடுவேன். கவர் வாங்க மாட்டேன். வீட்டில் வாங்கிவிடுகிறார்கள், அது வேறு கதை.

கேள்வி: செல்போன் வந்ததால்தான் கடையை மூடினீர்களா?
- வாசகர், செல்லூர்

பதில்: பாதி அதனால். மீதி, 2011ல் வந்த சைபர் கஃபே விதிகள். வருகிறவர் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், பதிவேட்டை ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். அதெல்லாம் சரி, முன்பிருந்தே நான் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டுதான் இருந்தேன். தடுப்பு நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் ஒரு விதி. ஆசாரியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் அறுத்தோம். நாற்காலியிலிருந்து எழுந்தால் எட்டுப் பேர் தலையும் தெரியும். அதற்கப்புறம் அந்தக் கடைசி சிஸ்டத்தைக் கேட்டு யாரும் வரவில்லை. 2014ல் பூட்டினேன்.

அறுத்தெடுத்த பலகைகளை வைத்து வீட்டில் பரண் அடித்தேன். பழைய நோட்டுகள் அதன்மேல்தான் கிடக்கின்றன. போன மாதம் தூசி தட்டும்போது 2009 நோட்டு கையில் வந்தது. ‘எதற்காக’ என்ற கட்டத்தில் மற்றவர்கள் மெயில், ரிசல்ட், பயோடேட்டா என்று எழுதியிருக்கிறார்கள். ஆனையூர்ப் பெரியவர் எல்லா நாளும் ‘சொந்தம்’ என்று எழுதியிருக்கிறார்.