சுறா கடிக்காமல் காக்கும் உடை உண்மையில் காக்குமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குத் தெற்கே, கடலுக்கடியில் உள்ள அலிவால் ஷோல் பாறைத்திட்டில் முக்குளிக்கப் போகும் நம் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கவலையோடு கேட்கும் கேள்வி இது.

சுறாத் தடுப்பு உடை என்பது சின்னஞ்சிறு எஃகு வளையங்களை ஆயிரக்கணக்கில் கோத்துப் பின்னிய சட்டை. இறைச்சி வெட்டுபவர் கையில் மாட்டும் எஃகுக் கையுறையை உற்றுப் பாருங்கள், அதே பின்னல்தான். சுறாவின் பல் ஆழமாக இறங்கி, அது தலையை உதறும்போதுதான் சதை பிய்கிறது, இரத்தம் கொட்டுகிறது. வளையமோ பல்லின் நுனிக்கு மட்டும் இடம் கொடுத்து, அதற்குமேல் இறங்கவிடாமல் நிறுத்திவிடுகிறது. உயிரைக் காப்பது அந்த நிறுத்தம்தான்.

ஆனால் தாடையின் அழுத்தத்தை அது தடுக்காது. பெற்றவர்களிடம் இதை மறைக்கக் கூடாது. கதவிடுக்கில் விரல் சிக்கினால் தடித்த கையுறை தோலைக் காக்கும், எலும்பைக் காக்குமா? அதனால் இந்த உடை சிறிய, நடுத்தரச் சுறாக்களுக்கே ஏற்றது. மேற்கு கேப் மாகாணத்துக் கடலோர ஊரான கான்ஸ்பாயில் பெரிய வெள்ளைச் சுறாவைப் பார்க்கப் போகிறவர்களை எஃகுக் கூண்டுக்குள்தான் இறக்குகிறார்கள்.

முக்குளிப்பவர்கள் வழக்கமாக அணியும் கறுப்பு ரப்பர் உடையே போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது குளிரைத் தாங்கத்தான், சுறாவின் பல் அதைத் துணியைப் போலக் கிழித்துவிடும்.