ஏல லிஸ்டிங்கும் டெம்ப்ளேட்டும்: எல்லையோர நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

செங்கோட்டை, களியக்காவிளை, குமுளி, கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்து ஈபேயில் ஏலம் விடும் நண்பர்கள் லிஸ்டிங், அதாவது பொருளின் விற்பனைப் பக்கம், போட உதவும் டெம்ப்ளேட் (ஒருமுறை செய்து எல்லாப் பொருளுக்கும் பயன்படுத்தும் மாதிரிப் படிவம்) பற்றி நிறையக் கேட்டிருக்கிறீர்கள். உங்களில் பாதிப்பேர் விற்பது திருவிதாங்கூர் அஞ்சல் தலைகள். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் விளவங்கோடும் மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்சியில்தானே இருந்தன, அதனால் பழைய வீட்டு டிரங்குப் பெட்டிகளில் சங்குச் சின்னம் போட்ட தலைகள் இன்னும் கிடைக்கின்றன. மற்றவர்கள் பித்தளையும் கைத்தறியும் விற்கிறீர்கள். ஈபேயின் இந்தியத் தளம் 2018-ல் மூடியபிறகு, வாங்குகிறவர் பெரும்பாலும் கடல் தாண்டித்தான் இருக்கிறார். அவருக்கு நம் படமும் எழுத்தும்தான் கடை.

கேள்வி (செங்கோட்டை): அண்ணாச்சி, டெம்ப்ளேட்டில் எதை வைப்பது, எதை ஒவ்வொரு முறையும் எழுதுவது?

எந்தப் பொருளுக்கும் மாறாததை மட்டும் டெம்ப்ளேட்டில் வையுங்கள்: கடைப் பெயர், பொட்டலம் கட்டும் விதம், திருப்பி அனுப்பும் விதி. மாறுகிற எல்லாவற்றுக்கும் காலி இடம் விடுங்கள். லிஸ்டிங் மென்பொருள்கள் இதற்கென்று ஒரு குறி தரும். தலைப்பு, விவரம், படம் என்று அடைப்புக்குறிக்குள் பெயர் போட்டு வைத்தால், ஒவ்வொரு பொருளை ஏற்றும்போதும் அதற்குரியது அங்கே போய் உட்காரும்.

ஒரு தம்பியின் லிஸ்டிங்கைப் பார்த்தேன். 1937-ல் வந்த கோயில் நுழைவுப் பிரகடனத் தலை. படத்தில் வட்ட அஞ்சல் முத்திரை பளிச்சென்று விழுந்திருக்கிறது, ஓரத்தில் ஒரு பல் உடைந்திருக்கிறது. கீழே விவரத்தில் "பயன்படுத்தாதது, பசை முழுதாக இருக்கிறது" என்று வாசகம். முந்தைய தலைக்கு எழுதியதை டெம்ப்ளேட்டுக்குள்ளேயே சேமித்துவிட்டார். அது இதிலும் வந்துவிட்டது. வாங்கியவர் திருப்பி அனுப்பினால் குறை சொல்ல வழியே இல்லை.

தலை விற்கிறவர்கள் தனித்தனிக் கட்டமாகவே பிரித்துவிடுங்கள்: ஆண்டு, மதிப்பு, பெர்ஃபரேஷன் (ஓரத்துப் பல் துளைகள்), வாட்டர்மார்க் (தாளுக்குள் தெரியும் நீர்க்குறி), பசை, முத்திரை, குறை. டெம்ப்ளேட்டில் அந்த ஏழும் வெறுமையாகவே இருக்கட்டும். குறை என்ற கட்டத்தைக் கடைசியாக நிரப்புங்கள், அதுவும் தலையைக் கையில் வைத்துக்கொண்டு. என் அனுபவத்தில் பையர், அதாவது வாங்குகிறவர், முதலில் தேடிப் படிப்பது அதைத்தான். நேர்மையாக எழுதினால் விலை குறையாது, நம்பிக்கையால் இன்னும் இரண்டு பேர் ஏலம் கேட்பார்கள்.

கேள்வி (மார்த்தாண்டம்): கம்ப்யூட்டரில் அழகாக இருக்கிறது. போனில் பார்த்தால் பாதி எழுத்து திரைக்கு வெளியே போய்விடுகிறது.

உங்கள் டெம்ப்ளேட்டின் அட்டவணைக்கு அகலம் 900 பிக்சல் என்று நிலையாகப் போட்டிருப்பீர்கள். அதை நூறு சதவீதம் என்று மாற்றுங்கள், படங்களுக்கும் அதிகபட்ச அகலம் நூறு சதவீதம். பக்கவாட்டில் இரண்டு பத்தி வேண்டாம், எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வரட்டும். முடித்தபிறகு உங்கள் வீட்டிலேயே இருக்கிற மலிவான போனில் திறந்து பாருங்கள். முதல் இரண்டு வரியிலேயே பொருள் என்ன, நிலை என்ன என்று தெரிய வேண்டும். கடையின் வரலாறெல்லாம் கீழே போகட்டும்.

கேள்வி (குமுளி): பழைய டெம்ப்ளேட்டில் படங்கள் தானாக மாறும் ஸ்லைடு ஷோ இருந்தது. இப்போது வேலை செய்யவில்லை, ஏன்?

2017-லிருந்து ஈபே விவரப் பகுதியில் ஜாவாஸ்கிரிப்ட், ஃபிளாஷ், ஐஃப்ரேம் மாதிரி பக்கத்துக்குள் தானாக இயங்கும் துண்டுகளை அனுமதிப்பதில்லை. அதே வருடம் லிஸ்டிங் ஏற்ற ஈபே தந்த டர்போ லிஸ்டர் என்ற இலவச மென்பொருளும் நின்றுபோனது. பழைய சிடியிலிருந்து எடுத்த டெம்ப்ளேட் என்றால் இந்தத் துண்டுகளை வெட்டி எறியுங்கள். படங்களை ஈபேயிலேயே ஏற்றுங்கள், 24 வரை போடலாம். நீண்ட பக்கம் குறைந்தது 500 பிக்சல் இருக்க வேண்டும், பெரிதாக்கிப் பார்க்க 1600 இருந்தால் நல்லது. படத்தின்மேல் எழுத்தோ பார்டரோ போடாதீர்கள், அதற்கு அனுமதி இல்லை.

கேள்வி (களியக்காவிளை): டெம்ப்ளேட்டில் ஆறு படத்துக்கு இடம் இருக்கிறது. நான் மூன்று படம் போட்டால் மீதி மூன்றும் உடைந்த கட்டமாகத் தெரிகிறது.

"படம் இருந்தால் மட்டும் காட்டு" என்று ஒரு நிபந்தனைக் குறி உங்கள் மென்பொருளில் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் விவரத்துக்குள் படம் வைப்பதையே விட்டுவிடுங்கள். மேலே கேலரியில் வருவதே போதும்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): அஞ்சல் உறையில் இருக்கும் தமிழ், மலையாள எழுத்துகளை விவரத்தில் டைப் செய்தேன். வெளிநாட்டு நண்பருக்குக் கேள்விக்குறியாகவும் குப்பையாகவும் தெரிகிறதாம்.

இரண்டு காரணம் இருக்கலாம். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் டைப் செய்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கிலக் குப்பையாகத்தான் வரும். முதலில் யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு, மாற்றுங்கள். யூனிகோடில்தான் டைப் செய்தேன் என்றால், டெம்ப்ளேட் கோப்பை யுடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் முறை) ஆகச் சேமிக்கவில்லை என்று பொருள். நோட்பேடில் சேமிக்கும்போது கீழே இருக்கும் என்கோடிங் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுங்கள். வேர்டிலிருந்து அப்படியே ஒட்டாதீர்கள், கண்ணுக்குத் தெரியாத குறிகளும் கூடவே வந்துவிடும்.

கேள்வி (தக்கலை): குத்துவிளக்கு விற்கிறேன். "நூறு வருடத்துக்கு மேல் பழையது" என்று டெம்ப்ளேட்டின் தலையிலேயே போட்டு வைத்திருக்கிறேன். ஏலம் நன்றாகப் போகிறது. தப்பில்லையே அண்ணே?

தம்பி, அந்த வரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். 1972-ஆம் வருடத் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு வருடத்துக்குக் குறையாத சிற்பம், நாணயம், கைவினைப் பொருளெல்லாம் தொல்பொருள். கையெழுத்துச் சுவடிக்கு எழுபத்தைந்து வருடமே போதும். அவற்றை நாம் தனிப்பட்ட முறையில் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. விளக்கு நிஜமாகவே அவ்வளவு பழையது என்றால் அனுப்பியது குற்றம், போன வருடம் வார்த்தது என்றால் பையரை ஏமாற்றியது குற்றம். எப்படிப் பார்த்தாலும் அந்த வரி உங்களுக்கு எதிரான சாட்சி. வயது சந்தேகமான பொருளுக்கு, தொல்லியல் துறையிடம் தொல்பொருள் இல்லை என்ற சான்றிதழ் வாங்கிய பிறகே லிஸ்டிங் போடுங்கள். திருவிதாங்கூரின் பழைய வெள்ளிச் சக்கரம் காசு விற்கிறவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி (புளியரை): டெம்ப்ளேட்டைத் திருத்தினேன். ஓடிக்கொண்டிருக்கும் ஏலங்களில் பழையதே நிற்கிறதே?

ஏற்றும் நேரத்தில் டெம்ப்ளேட் லிஸ்டிங்கோடு கலந்து ஒரே பக்கமாகிவிடும். அப்புறம் மூலத்தைத் திருத்தினாலும் ஏற்கெனவே போனது பெரும்பாலும் மாறாது. மென்பொருளில் அந்த லிஸ்டிங்குகளைத் தேர்ந்தெடுத்து மறுபடி அனுப்ப வேண்டும். ஒருவர் ஏலம் கேட்டுவிட்டால் விவரத்தை மாற்ற விடமாட்டார்கள், கூடுதலாகச் சேர்க்கத்தான் முடியும். அதனால் புது டெம்ப்ளேட்டை முதலில் ஒரே ஒரு மலிவான தலைக்குப் போட்டுப் பாருங்கள். அது சரியாக வந்தபின் மற்ற எல்லாவற்றையும் ஏற்றுங்கள்.