விறைப்பான ஃப்ரீரைட் ஸ்கீகள் (சீர்செய்யாத பனிச்சரிவுகளில் இறங்குவதற்கான பனிச்சறுக்குப் பலகைகள்) கைதேர்ந்தவர்களின் காலில் எப்படி நடந்துகொள்ளும்?

வேகம் இருந்தால் தங்கம், இல்லாவிட்டால் வெறும் கட்டை.

இந்த ரக ஸ்கீ பலவற்றில் மர உள்ளகத்துக்கு மேலும் கீழும் டைட்டனால் தகடு ஒட்டியிருக்கும். பெயரைப் பார்த்து டைட்டானியம் என்று நினைத்துவிடாதீர்கள், அது அலுமினியக் கலவைதான். அந்தத் தகடு விறைப்பையும் எடையையும் கூட்டுகிறது, அதிர்வையும் விழுங்குகிறது. பகலில் இளகி இரவில் மறுபடி இறுகிய கரடுமுரடான பனியை நினைத்துப் பாருங்கள். அதில் வேகமாக இறங்கினால் லேசான ஸ்கீயின் முனை படபடவென்று அடித்துக்கொள்ளும். இதுவோ கட்டிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு, பிடித்த கோட்டை விடாமல் போகும். அந்த உறுதிக்காகத்தான் இத்தனை பாடும்.

திருப்பும்போதுதான் அது உங்களைச் சோதிக்கும். ஸ்கீ இயல்பாகப் போடும் வளைவின் ஆரம் பெரும்பாலும் 20 மீட்டருக்கு மேல். விசை கொடுத்தால்தான் வளையும். கணைக்காலை பூட்ஸின் முன்பக்கத்தில் அழுத்தி நிற்க வேண்டும். கொஞ்சம் அசந்து பின்னால் சாய்ந்தீர்களோ, விறைத்த வால் உங்களை இழுத்துக்கொண்டு ஓடும். மறுபடி நடுவுக்கு வருவதற்குள் தொடை எரியும்.

மரங்களுக்கு நடுவிலும் மேடுபள்ளமான மோகல் சரிவிலும் எனக்கு இது ஒத்துவராது. புதுப்பனியில் மிதக்க வைப்பது விறைப்பு அல்ல, ஸ்கீயின் இடுப்பகலமும் (அதாவது நடுப்பகுதியின் அகலம், சுமார் 100 முதல் 115 மி.மீ.) மேல்நோக்கி வளைந்த முனையும்தான். அப்புறம், உடல் எடை குறைவானவர்கள் ஒற்றைத் தகடு உள்ளதை முதலில் வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம்.