உறையூரில் சோழர் தடயம்

கேள்வி: திருச்சி உறையூர் வழியாகத்தான் தினமும் வேலைக்குச் செல்கிறேன். முற்காலச் சோழர்களின் தலைநகரம் என்கிறார்களே, கோட்டையோ அரண்மனையோ கண்ணில் படவில்லையே? – வாசகர், தென்னூர்.

பதில்: உறையூரின் தொன்மையை மண்ணுக்கு மேலே தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். சென்னைப் பல்கலைக்கழகம் 1965 முதல் 1969 வரை அங்கு நடத்திய அகழாய்வில் கருப்பு-சிவப்புப் பானை ஓடுகளும், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளும், ரோமானிய வணிகத்தோடு தொடர்புடைய மட்கலத் துண்டுகளும் கிடைத்தன. அரண்மனையைவிட அரிய சான்றாக நான் கருதுவது, அங்கே வெளிப்பட்ட, துணிக்குச் சாயம் தோய்க்கும் செங்கல் தொட்டியைத்தான். மன்னர்களின் பெயர்களைப் பாடல்கள் காத்துத் தந்துவிட்டன, உழைத்தவர்களின் கைவேலைக்கோ இத்தகைய தொட்டிகளே சாட்சி. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடல்வழி வணிகக் குறிப்பொன்று 'அர்கரு' என்னும் உள்நாட்டு ஊரின் மெல்லிய பருத்தித் துணியைச் சொல்கிறது. அவ்வூர் உறையூரே என்பது அறிஞர் பலரின் துணிபு. பிற்காலத்திலும் கைத்தறிப் பருத்திச் சேலைக்கு உறையூர் பெயர் பெற்றிருந்தது.

கண்ணால் காண விரும்பினால், பஞ்சவர்ணசுவாமி கோயிலுக்குச் செல்லுங்கள்; யானையைக் கோழி எதிர்த்து வென்ற தலபுராணக் கதையைச் சிற்பமாகவே அங்கு காணலாம். அப்படியே உறையூரிலேயே உள்ள நாச்சியார் கோயிலுக்கும் போய்வாருங்கள். சோழ அரசன் மகளாகப் போற்றப்படும் கமலவல்லி நாச்சியாரைக் காண, ஆண்டுதோறும் பங்குனியில் ஸ்ரீரங்கத்து உற்சவரான நம்பெருமாள் அங்கு எழுந்தருளுகிறார்.