உப்புக் கணக்கு

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பொது சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் நான்கு வருடமாக வேலை செய்கிறேன். சாயப்பட்டறைகளிலிருந்து வரும் கழிவுநீரை எடுத்து டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு), பி.எச்., நிறம் பார்த்து எழுதுவது என் வேலை. இதில் சேரும்வரை தண்ணீரைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. இப்போது வீட்டில் குழாய் சொட்டினால் தூக்கம் வருவதில்லை. வாளியில்தான் குளிக்கிறேன். பல் தேய்க்கும்போது குழாயை மூடச் சொல்லி மகனைச் சத்தம் போடுகிறேன். மஞ்சப்பை இல்லாமல் சந்தைக்குப் போவதில்லை. ஸ்கூட்டரை விட்டுவிட்டு பஸ்ஸில் போகிறேன். எங்கள் போர் தண்ணீர் சப்பை, உப்புக் கரிக்கும். டி.டி.எஸ். அளந்ததில் லிட்டருக்கு 1,200 மில்லிகிராம் காட்டியது. அதனால் குடிக்க ஆர்.ஓ. வைத்திருக்கிறோம். நாளுக்கு 10 லிட்டர் பிடித்தால் 20 லிட்டர் வெளியேறுகிறது. அதை ஒரு சொட்டு வீணாக்காமல் கறிவேப்பிலைக்கும் நாலு தொட்டிச் செடிகளுக்கும் ஊற்றிவிடுகிறேன்.

மனைவி என்னைத் ‘தண்ணி இன்ஸ்பெக்டர்’ என்கிறாள். மச்சினன் வந்தால் வேண்டுமென்றே அரைமணி நேரம் ஷவரில் நிற்கிறான். “ஏனுங் மச்சான், உங்க பிளாண்டுக்கு ஒரு நாளைக்கு வர்ற தண்ணிக்கு முன்னால உங்க ஒரு வாளி எதுக்காகுதுங்க?” என்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை. என் வேலை எனக்குக் கொடுத்த பழக்கத்தை வீட்டில் மற்றவர்களுக்கு எப்படிக் கொண்டுவருவது?

(பெயர் வேண்டாம்),
காங்கேயம்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது நான் சமையலறைக் குழாயின் மூக்கில் படிந்திருந்த வெள்ளைக் காரையைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே பதில். இல்லாவிட்டால் மற்ற கடிதங்களோடு இதுவும் மூன்று மாதம் கிடந்திருக்கும்.

சில்லறையை முதலில் தீர்த்துவிடுகிறேன். மஞ்சப்பை, சரி. 2021 டிசம்பரில் அரசாங்கம் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று ஆரம்பித்தபோது எங்கள் தெருக் கிழவி ஒருத்தி, “நாங்க எப்பச் சாமி அதை உட்டோம்?” என்று கேட்டாள். பஸ்ஸில் போவதும் நல்லதுதான், இடம் கிடைத்தால் தூங்கலாம். பையனைச் சத்தம் போடாதீர்கள். பல் தேய்க்கும்போது அப்பா கத்தியதுதான் அவனுக்கு ஞாபகம் இருக்கும், தண்ணீர் ஞாபகம் இருக்காது. மச்சினன் கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில்: ஒன்றுக்கும் ஆகாது. உங்கள் ஒரு வாளியால் நொய்யல் ஆற்றில் எதுவும் மாறாது. இதை ஒத்துக்கொள்ளுங்கள், அவனோடு சண்டை மிச்சம்.

ஆனால் அந்தக் கறிவேப்பிலை!

அந்த வரி வரைக்கும் உங்கள் கடிதத்தைப் பிரியமாகப் படித்துக்கொண்டு வந்தேன். அந்த இடத்தில் கோபம் வந்துவிட்டது. வேறு யாராவது செய்தால் பாவம், தெரியாமல் செய்கிறார் என்று விடலாம். வேலைநேரம் முழுக்க மீட்டரும் கையுமாக நிற்கிற நீங்கள் செய்யலாமா? உள்ளே போகிற தண்ணீரை அளந்து 1,200 என்று எழுதத் தெரிந்தது. வெளியே வருகிறதை அளந்தீர்களா? கடிதத்தில் அந்த எண்ணைக் காணோம். நானே போட்டுப் பார்த்தேன். 30 லிட்டரில் இருக்கிற உப்பில் கிட்டத்தட்ட எல்லாமே அந்த 20 லிட்டரில் இறங்கும். அப்படியென்றால் லிட்டருக்கு 1,750 மில்லிகிராம் பக்கம் வரும். நாளுக்கு 35 கிராம். வருடத்துக்குப் பன்னிரண்டே முக்கால் கிலோ. மளிகைக் கடையில் உப்புப் பாக்கெட் ஒரு டஜன் வாங்கிவந்து, வருடாவருடம் ஒரு கறிவேப்பிலை, நாலு தொட்டி என்று பிரித்துக் கொட்டுவீர்களா? கொட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். தண்ணீரில் கரைத்துக் கொட்டுவதால் கண்ணுக்குத் தெரியவில்லை.

செடி தண்ணீரை உறிஞ்சும். வெயில் கொஞ்சம் உறிஞ்சும். உப்பை இரண்டும் பெரும்பாலும் விட்டுவிடும். மழை கொட்டுகிற ஊராக இருந்தால் அடித்துக்கொண்டு கீழே போகும் என்று சமாதானம் சொல்லலாம். காங்கேயத்து மழை கொறங்காட்டு மேய்ச்சலில் கொழுக்கட்டைப் புல்லுக்கே சில வருடம் பத்தாது. தண்ணீரை வெளியே விட மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்த வரம்பு 2,100, என் கணக்கு அதற்குள்தான் இருக்கிறது என்று எனக்குப் பாடம் எடுக்காதீர்கள். அது ஓடிப்போகிற தண்ணீருக்கு. உங்கள் தொட்டித் தண்ணீர் எங்கே ஓடுகிறது?

இவ்வளவு கோபம் எதற்கு என்று நினைப்பீர்கள். எனக்கும் உப்புக்கும் ஒரு பழைய பாக்கி இருக்கிறது.

1996-ல் நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். பி.காம். முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை. பட்டறை வாசலில் நாளுக்கு 20 மூட்டை உப்பு இறங்கும், மூட்டைக்கு 50 கிலோ. எதற்கு இவ்வளவு உப்பு என்று உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பருத்தி நூலும் ரியாக்டிவ் சாயமும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று தள்ளும், இரண்டுக்கும் ஒரே வகை மின்னேற்றம். நடுவில் உப்பு புகுந்தால்தான் இரண்டும் நெருங்கும். நெருங்கிச் சாயம் பிடித்த பிறகு உப்புக்கு அங்கே இடமில்லை. கல்யாணத் தரகர் கதைதான். அலசும்போது முழுசும் வெளியே வந்துவிடும். அன்றைக்கு எங்கள் பட்டறையில் ஓடியதெல்லாம் வின்ச், துணியைத் தொட்டியில் சுற்றிச் சுற்றி முக்குகிற எந்திரம். அது தண்ணீரை ஏகமாகக் கேட்கும். தண்ணீர் ஏற ஏற உப்பும் ஏறும். கறுப்பு, கருநீலம் என்று வந்தால் ஒரு கிலோ துணிக்கு ஒரு கிலோ உப்பு சாதாரணம்.

நான் உப்பு வரவு எழுதினேன். சாயம் வரவு, விறகு வரவு, துணி வரவு எழுதினேன். துணி போன கணக்கை பீஸ் பீஸாக எழுதினேன், அரைக் கிலோ குறைந்தால் முதலாளி கூப்பிட்டுக் கேட்பார். உப்பு போன கணக்கை எழுதவில்லை. அதற்குப் பேரேட்டில் ஒரு பத்தியே கிடையாது. மூட்டை பிரிந்தவுடனே ‘உபயோகம்’ என்று எழுதி முடித்துவிடுவோம். ஆடிட்டர் பென்சிலால் ஒரு டிக் போடுவார்.

என் அப்பிச்சியின் (அம்மாவின் அப்பா) தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்தது. அது 1992-ல் பாசனத்துக்கென்று நொய்யலில் கட்டிய அணை. நிறைந்தது என்னவோ சாயத்தண்ணீர். ‘அந்தத் தண்ணியை எங்க காட்டுக்கு உடாதீங்க’ என்று விவசாயிகளே போய்க் கேட்டார்கள். அணையைக் கட்டிக் கொடுத்தும் தண்ணீர் வேண்டாம் என்று குடியானவன் கும்பிட்ட இடம் வேறு எங்காவது உண்டா, எனக்குத் தெரியாது.

தை நோம்பிக்கு, அதுதான் பொங்கலுக்கு, சம்பளத்தில் அப்பிச்சிக்கு ஒரு வேட்டி எடுத்துக்கொண்டு போனேன். அமுச்சி, என் பாட்டி, பருப்புப் போசியைத் திறந்து பார்ப்பதும் மறுபடி மூடி விறகைத் தள்ளுவதுமாக இருந்தாள், வேகவே இல்லை. எருமை தொட்டிக்குள் மூக்கை விட்டு, ஒரு தரம் ஊதிவிட்டுத் தலையை எடுத்துக்கொண்டது. அப்பிச்சி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“ஏங்கண்ணு, உங்க பட்டறையில உப்பு எத்தன மூட்டை எறங்குது?”

“இருவதுங்க அப்பிச்சி.” சொந்தப் பட்டறை மாதிரி பெருமையாகத்தான் சொன்னேன்.

“தெனமுமா?”

“தெனமுமுங்க.”

“துணியோட எவ்வளவு போகுது?”

“துணியோட போகாதுங்க. அலசி உட்டுருவம்.”

அவர் வேட்டியை மடிமேல் வைத்து இரண்டு தடவை தடவினார். கரை நன்றாக இருக்கிறது என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. ஒருவேளை விரல்விட்டு எண்ணியிருப்பார், எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது பஸ் ஊத்துக்குளியைத் தாண்டியபோதுதான், என் பேரேட்டில் இல்லாத பத்தி அமுச்சியின் பருப்புப் போசியில் இருப்பது எனக்கு உறைத்தது.

அன்றே வேலையை விட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. தங்கை கல்யாணம் இருந்தது. இன்னும் ஒன்றரை வருடம் உப்பு வரவு எழுதினேன். பட்டறைக் குழாயை வீணாகத் திறந்துவிட்டுக் கை கழுவினேன். வேலை மனிதனை மாற்றும் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது முதலில் சிரிப்புதான் வந்தது. என்னை எங்கே மாற்றியது? அப்புறம் யோசித்தால், நாம் இரண்டு பேரும் ஒரே உப்பிடம்தான் சம்பளம் வாங்கியிருக்கிறோம். நான் அது வந்து இறங்குகிற வாசலில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் அது போகிற வாசலில் நிற்கிறீர்கள்.

கல்யாண மண்டபத்தில் எச்சில் இலை எடுக்கிறவர் பந்தியில் தான் சாப்பிட உட்கார்ந்தால் பாருங்கள். ‘கொஞ்சமா வைய்யி’ என்று கையைக் குறுக்கே நீட்டுவார். இலையோடு சுருட்டி எறியப்படுகிற ஜாங்கிரியைத் தினமும் எண்ணிய கை அது. பரிமாறுகிறவருக்கு அந்தக் கூச்சம் கிடையாது. சமையல் மாஸ்டருக்குச் சுத்தமாகக் கிடையாது. மூன்று பேரும் ஒரே மண்டபத்தில்தான் வேலை செய்கிறார்கள். அதனால் ஜூன் 5, சுற்றுச்சூழல் தினம் வந்தால் கம்பெனியில் எவர்சில்வர் பாட்டிலும் ஒரு புங்கங்கன்றும் கொடுத்து ‘விழிப்புணர்வு’ என்று பேனர் கட்டுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கன்று வேண்டாம். அலுவலகத்தில் இருக்கிற எல்லோரையும் மாதத்தில் ஒரு நாள் பின்வாசலில் நிற்க வைக்கட்டும். என் ஆடிட்டரை ஒரே ஒரு தரம் அப்பிச்சி தோட்டத்துக்குக் கூட்டிப் போயிருந்தால் அந்தப் பென்சில் கொஞ்சம் தயங்கியிருக்கும்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள். நீங்கள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். அந்த வழக்கை நடத்தியவர்கள் நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள், அந்த ஆற்றுப் பாசன விவசாயிகள். உப்பு எங்கே போனது என்று வருடக்கணக்காக நீதிமன்றத்தில் கணக்குக் கேட்டவர்கள். அதனால்தான் இன்றைக்குக் கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்கிற ஜீரோ டிஸ்சார்ஜ், அதனால்தான் உங்களுக்கு இந்த வேலை. நொய்யல் இன்னும் இறங்கிக் குளிக்கிற ஆறாக ஆகவில்லை, ஊர்ச் சாக்கடை கலந்துகொண்டுதான் இருக்கிறது. அது வேறு கடிதம். அப்பிச்சி 2011-ஐப் பார்க்கவில்லை.

இப்போதும் அந்த உப்பு காணாமல் போய்விடவில்லை. ஆர்.ஓ.வில் பிரித்து, எவாப்பரேட்டரில் காய்ச்சி, முடிந்ததைத் திருப்பிச் சாயத்துக்கே எடுத்துக்கொள்கிறீர்கள். எதற்கும் ஆகாத கலப்பு உப்பு கொட்டகையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். தினமும் அதைத் தாண்டித்தான் நீங்கள் ஆய்வகத்துக்குப் போவீர்கள். அதைத் தாண்டிப் போகிறவர் வீட்டுக்கு வந்து கறிவேப்பிலைக்கு உப்பு வைக்கிறார். இதை நான் இன்னும் எத்தனை தரம் சொல்லப் போகிறேனோ!

சரி. கோபம் ஆறிவிட்டது. அந்த 20 லிட்டரை வீடு துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அது மண்ணுக்குத்தான் போகும், எனக்கும் தெரியும். ஆனால் அந்த வேலைகளுக்கு எப்படியும் இறைத்திருக்கப்போகிற போர் தண்ணீராவது மிச்சம். உருப்படியான வழி மொட்டை மாடியில் இருக்கிறது. மழைநீர் சேகரிப்பை 2003-லேயே தமிழ்நாட்டில் கட்டாயமாக்கிவிட்டார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் ஒரு குழாயைச் சுவரோரம் மண்ணுக்குள் செருகிப் படம் காட்டினார்கள். நீங்கள் அதை ஒரு மூடிய தொட்டிக்குத் திருப்புங்கள். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு அடுத்த மழையைப் பிடித்து, உங்கள் மீட்டரை அதில் முக்கிப் பாருங்கள். உப்பு இல்லாத தண்ணீருக்கு எதற்கு ஆர்.ஓ.? வடிகட்டிக் காய்ச்சிக் குடிக்கலாம். தொட்டி நிறைந்திருக்கிற மாதங்களிலாவது மிஷினை அணைத்து வையுங்கள்.

வீட்டில் மற்றவர்களை மாற்றுவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியாது. என் வீட்டில் என்னையும் சேர்த்து யாரும் மாறவில்லை. மச்சினன் அடுத்த தடவை வரும்போது ஆர்.ஓ.வின் கழிவுத் தண்ணீர் ஒரு லிட்டரை எவர்சில்வர் தாம்பாளத்தில் ஊற்றி மொட்டை மாடி வெயிலில் வையுங்கள். ஒன்றும் பேசாதீர்கள், முக்கியமாகத் தண்ணீர் சிக்கனம் என்ற வார்த்தையை எடுக்காதீர்கள். காய்ந்ததும் பையனை விரலால் வழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வந்ததை ஸ்பூனில் அள்ளி எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள். அப்படியே அந்தக் கறிவேப்பிலையின் இலை நுனி கருகியிருக்கிறதா என்றும் பார்த்து எழுதுங்கள்.