நேரலைத் தொலைக்காட்சிக்கு எந்தச் சந்தா?

கேள்வி: கேபிள் இணைப்பை நிறுத்திவிட்டு சன் டிவி, விஜய் டிவி, ஐபிஎல் ஆகியவற்றை இணையம் வழியாகவே பார்க்க விரும்புகிறோம். மாமியார் உட்பட வீட்டில் ஐந்து பேர். எதைத் தேர்ந்தெடுப்பது?
– வாசகி, திருச்சி

பதில்: சன் டிவி சன் நெக்ஸ்டிலும், விஜய் டிவியும் ஐபிஎல்லும் ஜியோஹாட்ஸ்டாரிலும் வருவதால், உங்களுக்கு இரண்டு சந்தாக்கள் தேவைப்படலாம், பிராட்பேண்ட் நிறுவனங்கள் இவற்றைச் சேர்த்தே தரும் தொகுப்புகளையும் விசாரியுங்கள். விலையைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, ஒரே நேரத்தில் எத்தனை திரைகளில் பார்க்கலாம் என்பதுதான். மலிவாக இருக்கிறதே என்று மொபைல் திட்டத்தை வாங்கினால் அது டிவியில் ஓடாது. இரு திரைத் திட்டத்தில், மாமியார் கூடத்தில் சீரியல் பார்க்க, மகன் கைப்பேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தால், அதே கணக்கில் மூன்றாமவருக்கு இடமிருக்காது. இணைய ஒளிபரப்பு கேபிளைவிடச் சில நொடிகள் தாமதமாக வருவதால், பக்கத்து வீட்டில் ஆரவாரம் எழுந்த பிறகே உங்கள் திரையில் சிக்ஸர் விழும். தூர்தர்ஷன் மட்டும் போதுமென்றால், பிரசார் பாரதி 2024-இல் தொடங்கிய வேவ்ஸ் செயலியில் அதைக் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

ரிமோட்டில் எண்ணை அழுத்திச் சேனல் மாற்றியே பழகியவருக்குச் செயலிகளுக்குள் தேடுவது உண்மையிலேயே சிரமம். ஆகவே முதலில் குறுகிய காலச் சந்தா எடுங்கள். மாமியாருக்குப் பழகும்வரை கேபிளைத் துண்டிக்க வேண்டாம்.